கண்ணைத் தூக்கு கண்ணு: ஸ்கூட்டர் பழகுபவர்களுக்குப் பார்வைப் பாடம்

என்னிடம் ஸ்கூட்டர் பழக வருகிற பெண்களில் பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டியவர்கள். நாமக்கல்லில் ஒரு மண் மைதானத்தில் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். முதல் நாள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் பார்வை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. சக்கரத்தைப் பார்த்தால் கை நடுங்கும், வண்டி நெளியும், நெளிகிறதே என்று இன்னும் குனிந்து பார்ப்பார்கள், அடுத்த நொடி கால் தரையில் இருக்கும். அதனால் பிரேக், ஆக்சிலேட்டர் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் சொல்வது ஒரே வரிதான்: "கண்ணைத் தூக்கு கண்ணு."

நானும் அப்படித்தான் இருந்தேன். பழகும்போது எனக்கு வயது 38. மூன்றாம் நாள், எங்கள் தெருவில் வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணல் குவியல். பக்கத்தில் ஒரு லாரியே போகும் அளவுக்கு இடம் இருந்தது. "மோதிடக் கூடாது, மோதிடக் கூடாது" என்று அதையே பார்த்துக்கொண்டு போய், நேராக அதில் ஏறி விழுந்தேன். மாமனார் ஓடிவந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"எங்க பார்த்தே அம்மணி?"

"மணலைத்தாங்க மாமா."

"அப்ப வண்டி சரியாத்தான் போயிருக்குது."

அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு மகள் கண் பரிசோதனைப் படிப்புக்குச் சேர்ந்து, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாடத்தை என்னிடம் ஒப்பிக்க ஆரம்பித்ததும்தான், மாமா சொன்னதற்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. அவள் சொன்னதையும் மைதானத்தில் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டியைத் தொடுவதற்கு முன், வீட்டிலேயே

கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் கூர்மையாகப் பார்க்கிற இடம் மொத்தமே அவ்வளவுதான், ஏறக்குறைய இரண்டு டிகிரி. மற்றதெல்லாம் கலங்கலாகத்தான் தெரிகிறது. அது நமக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவி இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை, மறுபடி இடது. உங்கள் கண் நகர்வது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். தாவுகிற அந்தக் கணத்தின் காட்சியை மூளை நமக்குக் காட்டுவதில்லை.

அடுத்தது செய்தித்தாள். தாளைக் கையில் பிடித்து இடவலமாக வேகமாக ஆட்டிப் படியுங்கள். முடியாது. இப்போது தாளை அசைக்காமல், தலையை "இல்லை, இல்லை" என்று அதே வேகத்தில் ஆட்டுங்கள். படிக்க முடியும். உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு தலை திரும்புவதை உணர்ந்து, கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்கிறது. அந்த உத்தரவு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கண்ணுக்கு வந்துவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் உடம்பு குலுங்கினாலும் கடைப் பலகையைப் படிக்க முடிவது இதனால்தான். வளைவில் தலையைத் திருப்பினால் பார்வை கலைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கலையாது. திருப்புங்கள்.

மூன்றாவது, ஒற்றைக் காலில் நிற்பது. கண் திறந்திருந்தால் நிற்கலாம். கண்ணை மூடியதும் ஆடிவிடுவீர்கள். சுவர் பக்கம் விழுங்கள், அடுப்பு பக்கம் வேண்டாம். 1974ல் டேவிட் லீ என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவரும், தரையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரும் கூரையும் மட்டும் நகர்கிற மாதிரி ஓர் அறை செய்து, நிற்கப் பழகிய குழந்தைகளை உள்ளே நிறுத்தினார்கள். சுவரைக் கொஞ்சம் நகர்த்தியதும் குழந்தைகள் தள்ளாடின, சில விழுந்தே விட்டன. தரை ஆடவில்லை, யாரும் தொடவும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த அசைவு மட்டுமே. நாம் நிற்பதே பாதி கண்ணால்தான். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பினால், நம் வண்டி கிளம்பிவிட்டது என்று நினைக்கிறோமே, அதே ஏமாற்றுதான்.

கோலத்தின் நடுப்புள்ளி

இப்போது தெருவுக்கு வாருங்கள். நேரான தெருவாக இருக்கட்டும். தூரத்தில் ஒரு மின்கம்பத்தைக் குறிவைத்து நடங்கள். கம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், மெல்ல வளரும். அதைச் சுற்றியுள்ள வாசல், திண்ணை, மாடு, செருப்புக்கடை எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக வழிந்து போகும். கிட்டே இருப்பது வேகமாக வழியும், தூரத்தில் இருப்பது மெதுவாக. நடுப்புள்ளியிலிருந்து நாலாபுறமும் கோடு இழுத்த கோலம் மாதிரி. நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்களோ, அங்கேதான் அந்த நடுப்புள்ளி இருக்கும்.

ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 1950ல் விரிவாக எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைக்காக வேலை செய்தவர். ஓடுபாதையை நோக்கி விமானம் இறங்கும்போது விமானிக்கு முன்னால் தரை எப்படி விரிந்து வழிகிறது என்பதை ஆராய்ந்தார். குரங்குகளின் மூளையில், இப்படி விரிகிற காட்சிக்கென்றே துள்ளுகிற நரம்பணுக்கள் இருப்பதைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். இந்த வழிதலைப் பிடிப்பதில் கண்ணின் ஓரப்பகுதி கில்லாடி. எழுத்துப் படிக்கத் தெரியாது, அசைவு தெரியும்.

இங்கேதான் வேலைப் பிரிவினை. கண்ணின் நடுப்பகுதியை எங்கே வைப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். வேகம், சாய்வு, ரோட்டு ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஓரப்பார்வை தானாகக் கவனித்துக்கொள்ளும். முன்சக்கரத்தைப் பார்ப்பவர் இரண்டையும் கெடுக்கிறார். அவர் முன்னால் ரோடு மட்டும் சர்ரென்று கீழே ஓடுகிறது. பதினைந்து கிலோமீட்டர் வேகமே நாற்பது மாதிரித் தோன்றுகிறது. எங்கே போகிறோம் என்ற தகவல் ஒன்றும் இல்லை. பயம் வராமல் என்ன செய்யும்?

சரி, எவ்வளவு தூரம் பார்ப்பது? இரண்டு நொடி தூரம். வண்டி இரண்டு நொடி கழித்து எங்கே இருக்குமோ, அந்த இடம். நொடியை எண்ணச் சொன்னால் பதற்றத்தில் வேகமாக எண்ணிவிடுகிறார்கள். அதனால் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன்: "நாமக்கல் ஆஞ்சநேயா" என்று நிதானமாகச் சொல்லி முடித்தால் இரண்டு நொடி. 20 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 11 மீட்டர், 40ல் 22 மீட்டர், 60ல் 33 மீட்டர். அங்கே பார்வையை ஊன்றி உறைந்துபோகச் சொல்லவில்லை. அவ்வப்போது இன்னும் தூரத்தைப் பாருங்கள், கண்ணாடியைப் பாருங்கள், மறுபடி அங்கேயே திரும்பி வாருங்கள். வீட்டுக்கு வந்து வந்து போகிற மாதிரி.

செருப்புப் பயிற்சி

மைதானத்தில் இரண்டு செருப்பை மூன்றடி இடைவெளியில் வைப்பேன். முதல் சுற்று: இடது செருப்பைப் பார்த்துக்கொண்டே நடுவில் போக முயற்சி செய்யுங்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் செருப்பின் மேல் ஏற்றிவிடுவார்கள். (என் பழைய ஹவாய்ச் செருப்பைத்தான் வைப்பேன். நல்ல செருப்பு வீணாகும்.) இரண்டாம் சுற்று: செருப்பை மறந்துவிட்டு, நடுவில் இருக்கிற வெறும் மண்ணையும் அதற்கு அப்பால் ஒரு கல்லையும் பாருங்கள். வண்டி கோடு கிழித்த மாதிரிப் போகும். அப்புறம் இடைவெளியை இரண்டடியாகக் குறைக்கலாம்.

குழி, மணல், நாய், எதிரே வரும் பஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். ஆபத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்தாக வேண்டும். ஒரு தடவை பார், எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள், உடனே பார்வையை எடுத்து, நீ போக வேண்டிய இடைவெளியில் வை. பயம் கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணை அதனிடமிருந்து பிடுங்குவதுதான் பயிற்சி. இதற்கு ஒரு வாரம் ஆகும். சிலருக்கு ஒரு மாதம். எனக்கு மாமனார் பின்னால் உட்கார்ந்து "தூரம், தூரம்" என்று சொல்லிச் சொல்லி இருபது நாள் ஆனது.

எட்டு போடுவது

லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது இதுதான். காலை ஊன்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது. நன்றாக வண்டி ஓட்டுகிறவர்கள்கூட இங்கே தோற்பதற்குக் காரணம், கோட்டைப் பார்ப்பது. காலடியில் ஓடுகிற கோட்டைப் பார்த்தால், அது ஏற்கெனவே நடந்து முடிந்த செய்தி. அதை வைத்து ஹேண்டிலைத் திருத்தினால் எப்போதும் ஒரு தாமதம். தாமதத்தைத் திருத்த இன்னொரு திருத்தம். வண்டி வெட்டி வெட்டிப் போகும்.

இப்படிச் செய்யுங்கள். எட்டின் நடுவில், இரண்டு வளையமும் வெட்டிக்கொள்கிற இடத்தில், ஒரு செங்கல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்குள் நுழைந்து கால்வாசி தாண்டியதும், முகவாயைத் தோள் பக்கம் திருப்பி, அந்தச் செங்கல்லைத் தேடுங்கள். கண் மட்டும் திரும்பினால் போதாது, தலையே திரும்ப வேண்டும். கடைக்கண் அவ்வளவு தூரம் வராது, வந்தாலும் நிலைக்காது. தலை திரும்பினால் தோள் கொஞ்சம் திரும்பும், தோள் திரும்பினால் கை தானே பின்தொடரும். நடுப்புள்ளியைத் தாண்டுவதற்கு ஒரு சின்னக் கணம் முன்பே பார்வை அடுத்த வளையத்துக்குள் போயிருக்க வேண்டும். எப்போதும் கண் ஒரு அடி முன்னே, வண்டி பின்னே.

வேகத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். ஊர்ந்தால் சாயும். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், ஒரே சீராக ஆக்சிலேட்டர், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, மைதானத்தில் நாற்பது தடவை போடுங்கள்.

வளைவில், அதுவும் கொல்லிமலை வளைவில்

லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஓட்டியவர்களை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே கூட்டிப்போவேன். 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருப்பது எவ்வளவு நல்லதோ அவ்வளவு கெட்டது. "இன்னும் 52 இருக்குதா?" என்று அதையே பார்ப்பார்கள்.

1994ல் மைக்கேல் லேண்ட் என்பவரும், முன்பு சொன்ன அந்த டேவிட் லீயும், எடின்பரோவில் ஒரு குன்றைச் சுற்றிப் போகிற வளைவு ரோட்டில் கார் ஓட்டியவர்களின் கண்ணைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றிரண்டு நொடி முன்பே எல்லோர் பார்வையும் வளைவின் உள்விளிம்புக்குப் போய்விட்டது. அந்த விளிம்பு திரும்பி மறைகிற முனைதான் அவர்கள் பார்த்த இடம். கண் எவ்வளவு பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதோ, அதை வைத்தே வளைவு எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று கைக்குக் கணக்கு கிடைத்துவிடுகிறது. மாமனார் இந்த ஆராய்ச்சியைப் படித்தவரில்லை. "உள்ஓரத்தைப் பிடி, அது உன்னைக் கூட்டிப்போவும்" என்பார்.

ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இடது வளைவில் உள்விளிம்பு நம் பக்கம், அதனால் அதைப் பார்க்கலாம். வலது வளைவில் உள்விளிம்பு எதிர்வண்டியின் பக்கம். அதையே வெறித்தால் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே சரியும், எதிரே பஸ் வரும். ஆகவே வலது வளைவில் அந்த முனையை ஒரு தொடுதல் மட்டும், பிறகு நம் பக்கத்து ரோடு எங்கே வெளிவருகிறதோ அங்கே. கொண்டை ஊசியில் அந்த வெளிவாசல் சில சமயம் கிட்டத்தட்ட நம் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கும். எட்டில் பழகிய மாதிரி முகவாயைத் தோளுக்குக் கொண்டுபோங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹார்ன் அடித்து நுழையுங்கள். ரோடு குறுகலாக இருந்தால் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, விதியிலேயே இருக்கிறது. இறங்கும்போது நீங்கள்தான் நிற்க வேண்டும். பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மலையில் மூடுபனி இருந்தால்? 1998ல் வந்த ஓர் ஆய்வு, பனியில் காட்சி மங்குவதால் வேகம் குறைவாகத் தெரியும், ஓட்டுபவர் அறியாமல் வேகம் கூட்டிவிடுவார் என்றது. 2012ல் இன்னொரு குழு, நிஜப் பனி மாதிரி தூரத்தை அதிகமாகவும் கிட்டத்தைக் குறைவாகவும் மறைத்துப் பார்த்து, நேர்மாறாக, வேகத்தைக் குறைக்கிறார்கள் என்றது. அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பனியில் நான் கண்ணை நம்புவதில்லை, மீட்டரைத்தான் பார்ப்பேன்.

மீட்டரை நம்ப வேண்டிய இன்னோர் இடம் பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்பும்போது. என்.எச். 44ல் அரை மணி நேரம் அறுபதில் வந்துவிட்டு ஊருக்குள் நுழைந்தால், நாற்பது என்பது ஊர்கிற மாதிரி இருக்கும். கண் அந்த வழிதலுக்குப் பழகி மரத்துப்போயிருக்கும். பிரிட்டனில் இதற்காகவே ரவுண்டானாவுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே மஞ்சள் கோடுகளைப் போட்டார்கள். கிட்டே போகப் போக இடைவெளி குறையும், ஒரே வேகத்தில் போனாலும் வேகம் கூடுவதாகக் கண்ணுக்குத் தோன்றும், கால் தானாக பிரேக்குக்குப் போகும். லாரிக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல். இருக்கை உயரம், தரை தள்ளி இருக்கிறது, அதனால் வேகம் குறைவாகவே தெரியும்.

குறுக்கே வருகிற வண்டி

சந்திப்பில் காத்திருக்கும்போது ஒரு கணக்கு உதவும். நேராக நம்மை நோக்கி வருகிற பஸ், நம் பார்வையில் இரண்டு மடங்கு பெரிதாவதற்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ, அது நம்மை வந்து சேர இன்னும் அவ்வளவு நேரம்தான் இருக்கிறது. பாதி தூரம் குறைந்தால் உருவம் இரட்டிக்கும், மீதி பாதி அதே வேகத்தில். டேவிட் லீ இதை 1976ல் கார் பிரேக்குக்கு எழுதினார். பிறகு கடலில் மீனுக்காகப் பாய்கிற கன்னெட் என்ற பறவையும் இப்படித்தான் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் சிறகை மடக்குகிறது என்று காட்டினார். தூரமும் வேகமும் தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை.

நீங்களும் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு பைக் குறுக்கே வந்தால்: அது உங்கள் பார்வையில் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் தப்பித்தீர்கள். இடம் மாறாமல், வளர்ந்துகொண்டு மட்டும் இருந்தால், மோதப் போகிறது. பிரேக். பைக் சின்ன உருவம், தூரத்தில் அது வளர்வதே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பஸ்ஸுக்கு ஒதுங்குகிற நாம் பைக்குக்கு ஒதுங்காதது இதனால்தான்.

கண்ணாடி போட்டவர்களுக்கும் பின்னால் உட்காருபவர்களுக்கும்

புதுக் கண்ணாடி வாங்கிய அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள். கண்ணாடி காட்சியைக் கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டும். தலை திரும்பினால் கண் எவ்வளவு எதிர்த்திசையில் திரும்ப வேண்டும் என்ற பழைய கணக்கு சரிவராது. அதனால்தான் தரை நீந்துகிறது. மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும், சில நாள் நடந்து பழகுங்கள். இரட்டைக் குவியக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கு, ரோட்டுக்கு அல்ல. முகவாயைத் தூக்கிக்கொண்டு ஓட்டினால் ரோடு அந்தக் கீழ்ப்பாதியில்தான் விழும். கண்ணைத் தூக்கச் சொன்னேன், முகவாயை அல்ல. தலைக்கவசத்தின் முகப்பில் கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எதுவும் ஓட்டாமல் உட்கார்ந்திருக்கும்போதே தலைசுற்றுகிறது என்றால், மருத்துவரைப் பார்த்த பிறகு என்னிடம் வாருங்கள்.

பின்னால் உட்காருபவர் ஓட்டுபவரின் தோளுக்கு மேலே, வளைவின் உள்பக்கம் பார்த்தால், உடம்பும் அந்தப் பக்கம் சேர்ந்து சாயும். கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களை நான் ஏற்றுவதில்லை.

மலைப் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் கேட்கிறார்கள். உடம்பு திரும்புகிறது என்று காது சொல்லும், போனைப் பார்க்கிற கண் ஒன்றும் திரும்பவில்லை என்று சொல்லும், நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். டிரைவருக்கு வாந்தி வருவதில்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு முன்பே தெரியும். என் மாமியார் கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல், கொல்லிமலை மேலே இருக்கிற சோளக்காட்டுக்குப் பஸ் ஏற மாட்டார். பழத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்சீட்டில் உட்காரவைத்து, "அத்தை, அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு முன்னாடி ரோட்டைப் பார்த்துச் சொல்லிட்டே வாங்க" என்றேன். இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பதாவது வளைவில் பழத்தைத் திருப்பிக் கேட்டார், சோளக்காட்டில் சர்பத் போட்டுக் குடிப்பதற்கு.